யுத்த தாங்கியும் உதிரிப்பாகமும்

சரித்திர நூல்கள் யுத்தங்களைச் சொல்லும்பொழுது தளபதிகளைச் சொல்லும், களங்களைச் சொல்லும், வெற்றி தோல்விகளைத் தேதியிட்டுச் சொல்லும். களத்துக்குப் பின்னால், எண்ணெய்க் கறை படிந்த கைகளோடு பழுதுபார்த்துக்கொண்டிருந்த மனிதனைப் பற்றி அவை பேசுவது அரிது. அவன் இல்லாதிருந்தால் தளபதியின் படை புறப்பட்ட இடத்திலேயே நின்றிருக்கும்.

தேர், யானை, குதிரை, காலாள் எனப் படையை நால்வகையாக எண்ணிய மரபு நம்முடையது. தேரைப் பாடிய புலவர் பலர். தேரை நினைத்தபோது அதன் அச்சாணியையும் நினைத்துப் பார்த்தவர் வள்ளுவர். இக்காலத்தின் தேர் யுத்த தாங்கி. அதன் அச்சாணி உதிரிப்பாகம். அந்த அச்சாணியின் சரித்திரத்தையே நாம் இங்கே எடுத்துக்கொள்கின்றோம்.

ஆயுதத்தின்மீது மோகங்கொண்டு இதனை நாம் ஆராயவில்லை. ஒரு நாடு மற்றொரு நாட்டிடம் விலைகொடுத்துத் தாங்கியொன்றை வாங்குகின்றது. பணம் கைமாறுகின்றது; தாங்கி துறைமுகத்தில் இறங்குகின்றது; வாங்கிய நாட்டின் கொடியும் அதன்மீது தீட்டப்படுகின்றது. அன்றிலிருந்து அத்தாங்கி வாங்கியவனின் உடைமையாகிவிடுகின்றதா? எமது காலத்து வல்லரசுகளுக்கும் சிறிய நாடுகளுக்குமிடையிலான உறவை விளங்கிக்கொள்ள இந்த ஒரு வினா பெரிதும் உதவும்.

உதிரிப்பாகம் பிறந்த கதை

உதிரிப்பாகம் என்ற எண்ணமே மனித சமுதாயத்துக்குப் புதியது. பதினெட்டாம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவிற் செய்யப்பட்ட ஒவ்வொரு துப்பாக்கியும் ஒரு கைவினைஞனின் தனிப்படைப்பாகவே இருந்தது. அவன் ஒவ்வொரு துண்டையும் அரத்தால் அராவி, அடுத்த துண்டோடு பொருத்திப் பார்த்து, மறுபடியும் அராவினான். ஒரு துப்பாக்கியின் விசை மற்றொன்றிற் பொருந்தாது. பழுதான துப்பாக்கியைத் திருத்தவேண்டுமானால் மீண்டும் ஒரு கைவினைஞன் வேண்டும்.

1785ஆம் ஆண்டில் பிரான்சில் ஹொனரே பிளாங் என்னும் துப்பாக்கித் தொழில் வல்லுநர் புதியதோர் முறையைக் காட்டினார். பல துப்பாக்கிகளின் விசைத் தொகுதிகளைத் துண்டு துண்டாகக் கலைத்துக் குவியலாக வைத்து, கைக்கு அகப்பட்ட துண்டுகளை எடுத்துப் பொருத்தினால் அவை பொருந்தின. அப்பொழுது பிரான்சில் அமெரிக்கத் தூதராக இருந்த தோமஸ் ஜெஃபர்சன் தாமே அவற்றைப் பொருத்திப் பார்த்து வியந்து, தமது நாட்டுக்குக் கடிதம் எழுதினார். பிரான்சில் அம்முறை நிலைக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில், ஸ்பிரிங்ஃபீல்ட், ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆகிய இடங்களிலிருந்த அமெரிக்க அரசாங்க ஆயுதசாலைகளில் அது வேரூன்றியது. அங்கிருந்து தையல் இயந்திரத்துக்கும், துவிச்சக்கர வண்டிக்கும், கடைசியில் மோட்டார் வண்டிக்கும் பரவியது.

ஆகவே, எமது வீட்டுத் தையல் இயந்திரத்துக்குக் கடையில் ஊசி வாங்க முடிகின்றதென்றால், அந்த வசதியின் மூதாதை ஓர் ஆயுதசாலையிலே பிறந்தது. இம்மாற்றத்தின் விளைவு இரண்டு வகையானது. தேர்ந்த கைவினைஞன் இல்லாமலே இயந்திரத்தைத் திருத்தும் ஆற்றல் சாதாரண மனிதனுக்குக் கிடைத்தது. அதே வேளையில், கைவினைஞனிடம் இருந்த அறிவு அவன் கையைவிட்டு நீங்கி, வரைபடத்திலும் அளவுக் கருவியிலும் குடிபுகுந்தது. வரைபடமும் அளவுக் கருவியும் எவரிடம் உள்ளனவோ அவரே இயந்திரத்தின் உண்மையான எசமானர். பின்னால் வரும் கதை முழுவதற்கும் இதுவே திறவுகோல்.

உழவு இயந்திரத்தின் பிள்ளை

தாங்கி உழவு இயந்திரத்தின் வயிற்றிற் பிறந்த பிள்ளை. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், மென்மையான நிலத்தில் சக்கரம் புதையாமல் ஓடுவதற்காக ஹோல்ட் என்பவரின் நிறுவனம் சங்கிலிப் பட்டியில் ஓடும் உழவு இயந்திரங்களைச் செய்தது. முதலாம் உலக யுத்தத்தில் பிரித்தானியப் படை அவற்றைப் பீரங்கி இழுக்கப் பயன்படுத்தியது. சேற்றையும் அகழியையும் கடக்கவல்ல கவச வண்டியொன்றைச் செய்யலாம் என்ற எண்ணம் இவற்றைக் கண்டவர் மனத்திலே வளர்ந்தது. முதலாவது பிரித்தானியத் தாங்கிகளை உருவாக்கிய லிங்கன் நகரத்து ஃபொஸ்டர் நிறுவனமும் விவசாயக் கருவிகள் செய்த நிறுவனமே. இரகசியத்தைக் காப்பதற்காக, செய்யப்படுவன தண்ணீர் கொண்டுசெல்லும் தொட்டிகள் என்று பொய் பரப்பினர். அப்பொய்யே பெயராகி நிலைத்துவிட்டது. நீர்த்தாங்கிக்கும் யுத்த தாங்கிக்கும் எமது பேச்சிலும் ஒரே சொல் வழங்குவது அந்தப் பழைய சூழ்ச்சியின் எச்சம் எனலாம்.

1916 செப்டெம்பர் 15ஆந் திகதி சொம் களத்திலே தாங்கி முதன்முதல் இறங்கியது. அன்றைய தாக்குதலுக்கு ஒதுக்கப்பட்ட 49 தாங்கிகளுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு, எதிரியின் குண்டு படுவதற்கு முன்னரே, புறப்படும் இடத்தை அடையமுடியாமற் பழுதாகி நின்றன. இரண்டு ஆண்டுகளின் பின், 1918 ஆகஸ்ட் 8ஆந் திகதி அமியேன் களத்தில் பிரித்தானியர் 400க்கு மேற்பட்ட தாங்கிகளை இறக்கினர். ஐந்தாம் நாள் ஓடக்கூடிய நிலையில் எஞ்சியவை விரல்விட்டு எண்ணத்தக்கவையே. எதிரியின் பீரங்கி சிலவற்றை அழித்தது உண்மை. தேய்மானமும் முறிவும் செய்த வேலையும் குறைந்ததன்று.

அப்படியானால் முறிந்தவற்றைத் திருத்தியவர் யார்? பிரான்சின் வடபகுதியில் எரின் என்னும் கிராமத்தையொட்டி பிரித்தானியத் தாங்கிப் படையின் மத்திய திருத்தகங்கள் இயங்கின. அங்கே கழற்றியும் கழுவியும் பொருத்தியும் வேலைசெய்தவருள் சீனத் தொழிலாளர் பெருந்தொகையினர். பிரித்தானியாவும் பிரான்சும் சீனாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக அழைத்துச் சென்ற ஏறத்தாழ 1,40,000 பேருள் இவர்களும் அடங்குவர். ஐரோப்பாவின் மிக நவீன ஆயுதத்தை, ஐரோப்பியர் கூலி என்று அழைத்த ஆசியக் கைகள் ஓடச் செய்தன. நுவாயெல்-சூர்-மேர் என்னுமிடத்திலுள்ள மயானத்தில் அச்சீனத் தொழிலாளருள் 800க்கு மேற்பட்டோரின் கல்லறைகள் இருக்கின்றன. தாங்கியின் சரித்திரத்தை எழுதுவோர் அக்கல்லறைகளையும் கணக்கிற் சேர்க்கவேண்டும்.

அழகிய தாங்கியும் எளிய தாங்கியும்

இரண்டாம் உலக யுத்தம் தாங்கிகளின் யுத்தம் என்பர். அதனைத் தொழிற்சாலைகளின் யுத்தம் என்பதும் பொருந்தும்.

ஜேர்மனியின் பாந்தர் தாங்கி, கவசத்திலும் பீரங்கியிலும் அக்காலத்திற் சிறந்தவற்றுள் ஒன்று. 1943 ஜூலையில் குர்ஸ்க் களத்தில் 200 பாந்தர்கள் முதன்முதல் இறக்கப்பட்டன. ஒரு வாரத்துக்குள் முன்னணியிற் போரிடத்தக்க நிலையில் இருந்தவை பத்தளவில் மாத்திரமே. கண்ணிவெடியும் எதிரிப் பீரங்கியும் ஒருபுறம். எஞ்சின் தீப்பிடித்தலும் பற்சில்லு முறிதலும் மறுபுறம். சுமார் 35 தொன்னாக எண்ணப்பட்ட தாங்கி, கவசம் கூட்டக் கூட்ட 45 தொன்னாகியது. எஞ்சினின் வலுவைச் சங்கிலிப் பட்டிக்குக் கடத்தும் இறுதிப் பற்சில்லுத் தொகுதி அப்பாரத்தைத் தாங்கவில்லை. அதற்கு உகந்த நுட்பமான பற்சில்லுகளை வெட்டும் இயந்திரங்கள் போதாமையால், எளிதிற் செய்யக்கூடிய, வலிமை குறைந்த வகையே பொருத்தப்பட்டது. யுத்தம் முடிந்தபின் பாந்தர்களை ஓட்டிப் பார்த்த பிரெஞ்சு இராணுவம், அப்பற்சில்லுத் தொகுதியின் ஆயுள் சராசரி 150 கிலோமீற்றர் என 1947இல் எழுதிவைத்தது. யாழ்ப்பாணத்திற் புறப்பட்டால் அநுராதபுரத்தை எட்டுமுன் அது முடிந்துவிடும்.

இக்குறை தெரிந்தும் ஏன் தீர்க்கப்படவில்லை? மாதந்தோறும் எத்தனை புதிய தாங்கிகள் வெளிவந்தன என்ற எண்ணிக்கையே மேலிடத்துக்குக் காட்டப்பட்டது. அந்த எண்ணிக்கையைப் பெருக்கும் அவசரத்தில் உதிரிப்பாக உற்பத்தி பின்தள்ளப்பட்டது. களத்திலிருந்த திருத்துநர் ஒரு தாங்கியைப் பிரித்து மற்றொன்றை ஓடச் செய்தனர். அந்த உற்பத்தியும் யாருடைய உழைப்பில் நடந்தது? 1944இல் ஜேர்மனியில் வேலைசெய்த அந்நியத் தொழிலாளரும் யுத்தக் கைதிகளும் 70 இலட்சத்துக்கு மேற்பட்டோர். அவருட் பெரும்பாலோர் பலவந்தமாகக் கொண்டுவரப்பட்டவர்கள்.

சோவியத் யூனியனின் டி-34 வேறொரு கதையைச் சொல்கின்றது. அது குறையற்ற இயந்திரமன்று. தொடக்கத்தில் அதன் கியர்ப் பெட்டி அடிக்கடி பழுதானது. உள்ளே இருந்தவர்க்கு இடமும் காட்சியும் போதா. ஆயினும் அதனை உருவாக்கியவர்கள் பாகங்களை ஓயாது எளிமைப்படுத்தினர். 1941இன் இலையுதிர் காலத்தில் ஜேர்மன் படை நெருங்கியபோது, கார்கோவ் நகரின் புகையிரத எஞ்சின் தொழிற்சாலை இயந்திரங்களோடும் தொழிலாளரோடும் இரயிலேற்றப்பட்டு யூரல் மலைப் பக்கத்து நிஷ்னி தகில் நகருக்கு இடம்பெயர்ந்தது. அவ்வாண்டு டிசெம்பரிலேயே அங்கு தாங்கிகள் மீண்டும் பொருத்தப்பட்டன. பெண்களும் பதின்ம வயதினரும் கடைசல் இயந்திரங்களின் முன் நின்றனர். இரண்டே ஆண்டுகளில் ஒரு டி-34இன் உற்பத்திச் செலவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. யுத்தம் முடிவதற்குள் 50,000க்கு மேற்பட்ட டி-34கள் வெளிவந்தன. 40,000க்கு மேற்பட்டவை களத்தில் அழிந்தன என்பதையும் மறைக்கக்கூடாது. ஒவ்வொன்றினுள்ளும் மனிதர் இருந்தனர்.

இவ்விடத்தில் எமது தீவின் பெயரும் வருகின்றது. தாங்கியின் ஓடுசக்கரங்களுக்கு இறப்பர் வளையம் வேண்டும். சோவியத் யூனியனில் இறப்பருக்குத் தட்டுப்பாடு வந்தபொழுது, 1942இல் ஸ்ராலின்கிராட் உழவு இயந்திரத் தொழிற்சாலை உருக்கு விளிம்புச் சக்கரங்களோடு தாங்கிகளை அனுப்பியது. அதே ஆண்டில் மலாயாவும் டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளும் யப்பானியர் கையில் வீழ்ந்தன. நேச நாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரின் பிரதான ஊற்று இலங்கையாயிற்று. மரம் பட்டுப்போகும் அளவுக்குப் பால் வெட்டும்படி தோட்டங்கள் தூண்டப்பட்டன. அதிகாலையிற் கத்தியோடு மரத்தடிக்குச் சென்ற தோட்டத் தொழிலாளி, தாமறியாமலே உலக யுத்தத்தின் உதிரிப்பாக வரிசையில் ஒருவராக நின்றார். பத்தாண்டுகளின் பின் கொரிய யுத்தத்தின்போது, சீனாவுக்கு இறப்பர் விற்கலாகாது என்று வல்லரசுகள் தடை விதித்தன. இலங்கை 1952இல் ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பருக்கு 2,70,000 தொன் அரிசி என்று சீனாவோடு ஒப்பந்தஞ் செய்தது. அமெரிக்க உதவி அதனால் மறுக்கப்பட்டது. ஒரு மரத்தின் பால் எவ்வாறு போர்ப் பொருளாகின்றது என்பதற்கு வேறு பாடம் எமக்கு வேண்டியதில்லை.

யானை கட்டித் தீனி போடுதல்

யுத்தத்தின் பின், இலேசான தாங்கி, கனமான தாங்கி என்ற வேறுபாடு மறைந்து, எல்லாப் பணியையும் ஒருங்கே செய்யும் ‘பிரதான யுத்த தாங்கி’ என்னும் வகை தோன்றியது. அதனுள் எவ்வளவு அடங்கியிருக்கின்றதென்பதை 1979இல் ஜேர்மன் படையிற் சேர்ந்த லெப்பேட்-2இன் வாயிலாகக் காணலாம். எடை 55 தொன். 12 உருளைகளும் 47.6 லீற்றர் கொள்ளளவும் 1,500 குதிரைவலுவும் கொண்ட டீசல் எஞ்சின். 120 மில்லிமீற்றர் பீரங்கி. பக்கத்துக்கு ஏழு ஓடுசக்கரங்கள். பக்கத்துக்கு 82 கண்ணிகள் கொண்ட சங்கிலிப் பட்டி. கண்ணிகளுக்கு இறப்பர் மெத்தைகள். சக்கரங்களைத் தாங்க முறுக்குத் தண்டுகள். தூரம் அளக்கும் லேசர், இருளிற் பார்க்கும் வெப்பக் கண், இவற்றை இணைக்கும் மின்னணுப் பலகைகள். சுமார் 1,200 லீற்றர் எரிபொருள் நிரப்பினால் நல்ல வீதியில் ஏறத்தாழ 500 கிலோமீற்றர் ஓடும்.

இவற்றுள் எதுவும் நிலையானதன்று. இறப்பர் மெத்தை தேயும். கண்ணியின் ஊசி தேயும். பீரங்கிக் குழல்கூட, சில நூறு குண்டுகள் சென்றபின் உட்புறம் அரிக்கப்பட்டு மாற்றவேண்டியதாகும். எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் ஒரே தொகுதியாக இணைத்து, பாரந்தூக்கியால் வெளியே எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் புதிய தொகுதியை இறக்கக்கூடியவாறு லெப்பேட்டை அமைத்திருக்கின்றனர். இது பொறியியலின் பெரும் சாதனை. ஆனால் இறக்குவதற்கு ஒரு புதிய தொகுதி கைவசம் இருந்தாலன்றோ அந்த ஒரு மணி நேரம் பயன்படும்? யானையை வாங்குவதைவிட யானைக்குத் தீனி போடுவதே கடினம் என்று எமது முன்னோர் சொன்னது தாங்கிக்கு அப்படியே பொருந்தும். தீனி விற்கும் கடை ஒன்றே ஒன்றாகவும், அக்கடைக்காரன் யானையை விற்றவனாகவும் இருந்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

கயிற்றின் மறுநுனி

1965இல் இந்தியாவும் பாகிஸ்தானும் யுத்தத்தில் இறங்கின. பாகிஸ்தானின் கவசப் படை பெரும்பாலும் அமெரிக்கப் பட்டன் தாங்கிகளை நம்பியிருந்தது. யுத்தம் மூண்டதும் அமெரிக்கா இரு நாடுகளுக்கும் ஆயுத விநியோகத்தை நிறுத்தியது. தடை இருவர்க்கும் பொதுவானது. அடியோ அமெரிக்க ஆயுதத்தை அதிகம் வைத்திருந்தவனுக்கே பலமாக விழுந்தது. 1967 ஏப்ரலில், முன்னர் விற்ற ஆயுதங்களுக்கான உதிரிப்பாகங்களை மாத்திரம், ஒவ்வொரு கோரிக்கையையும் தனித்தனியே பரிசீலித்து, ரொக்கத்துக்கு விற்கலாமென வாஷிங்டன் முடிவுசெய்தது. குழாயை மூடுவதும் சிறிது திறப்பதும் விற்றவன் கையில். பாகிஸ்தான் சீனாவின் பக்கம் திரும்பியது. சோவியத் டி-54இன் சீன வடிவமான டி-59 தாங்கிகளை வாங்கியதோடு, 1970களில் சீன உதவியுடன் தக்சீலத்தில் அவற்றைப் புதுப்பிக்கும் தொழிற்சாலையையும் அமைக்கத் தொடங்கியது.

இஸ்ரேல் பிரித்தானியாவின் சீஃப்டன் தாங்கியைப் பெற எதிர்பார்த்திருந்தது. 1969இல் பிரித்தானியா மறுத்துவிட்டது. அதன்பின் இஸ்ரேல் தானே ஒரு தாங்கியை வடிவமைக்க முடிவுசெய்தது. 1979இல் படையிற் சேர்ந்த மெர்காவா அதன் பலன். அதன் எஞ்சின் அப்பொழுதும் அமெரிக்காவிலிருந்தே வந்தது. 1982இல் அத்தாங்கி லெபனான்மீது படையெடுத்துச் சென்றது. பிறர் கயிற்றை அறுத்துக்கொண்டவன் பிறர் கழுத்திற் கயிறிடமாட்டான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. இதனை நாம் மறந்துவிடலாகாது.

எல்லாவற்றிலும் படிப்பினை மிக்கது ஈரானின் கதை. எண்ணெய்ப் பணத்தால் மிதந்த ஷா மன்னர் 1970களில் பிரித்தானியாவிடம் 1,500க்கு மேற்பட்ட சீஃப்டன் தாங்கிகளுக்கும் 250 பழுதுபார்க்கும் வாகனங்களுக்கும் ஒப்பந்தஞ் செய்தார். பெருந்தொகை முன்பணமும் கொடுத்தார். 1979இல் மக்கள் எழுச்சி ஷாவைத் துரத்தியது. ஒப்பந்தத்தின் பெரும்பகுதி நிறைவேற்றப்படாமலே நின்றது. ஈரானுக்கென உருவாகிக்கொண்டிருந்த ‘ஷிர்-2’ என்னும் தாங்கி, மாற்றங்கள் சில பெற்று, ‘சலெஞ்சர்’ என்ற பெயரில் 1983இல் பிரித்தானியப் படையிலேயே சேர்ந்தது. பணமும் திரும்பவில்லை.

1980இல் ஈராக் படையெடுத்தபோது, ஈரானின் கையில் அமெரிக்க, பிரித்தானிய ஆயுதங்கள் நிறைய இருந்தன. அவற்றுக்கான பாகங்கள் இல்லை. எட்டாண்டு யுத்தத்தில் ஈரானியத் திருத்துநர் ஒன்றைப் பிரித்து ஒன்றைக் கட்டினர்; தாமே வார்த்தும் கடைந்தும் பழகினர். உலகச் சந்தையின் இருண்ட மூலைகளிலெல்லாம் பாகங்கள் தேடப்பட்டன. ஈரானுக்கு ஆயுதம் விற்கவேண்டாமென உலகுக்கு உபதேசித்த அமெரிக்க அரசாங்கமே 1985, 1986ஆம் ஆண்டுகளில் தாங்கியெதிர்ப்பு ஏவுகணைகளையும், ‘ஹோக்’ என்னும் விமானவெதிர்ப்பு ஏவுகணைக்கான உதிரிப்பாகங்களையும் இரகசியமாக ஈரானுக்கு விற்றது. அதில் வந்த இலாபம் நிக்கராகுவாவில் மக்கள் அரசாங்கத்தைக் கவிழ்க்க முயன்ற கொன்ரா கூலிப்படைக்குத் திருப்பப்பட்டது. 1986 நவம்பரில் விடயம் வெளியானபோது றேகன் ஆட்சி ஆட்டங்கண்டது. ஒரு மரப்பெட்டிக்குள் அடங்கிய உதிரிப்பாகங்கள் தெஹ்ரானையும் வாஷிங்டனையும் மனாகுவாவையும் ஒரே நூலிற் கோத்துவிட்டன!

கதை அத்தோடு முடியவில்லை. ஒப்படைக்கப்படாத தாங்கிகளுக்கான கடனாக ஏறத்தாழ 40 கோடி பவுணைப் பிரித்தானியா 2022 மார்ச்சிலேதான் ஈரானுக்குச் செலுத்தியது. அதே நாளில், ஈரானில் ஆண்டுக்கணக்காகத் தடுத்துவைக்கப்பட்டிருந்த பிரித்தானியப் பிரசைகள் இருவர் விடுதலையாயினர். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று அரசாங்கங்கள் சொல்லலாம். சாதாரண மனிதரின் வாழ்க்கை, நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்கு முன் நின்றுபோன ஒரு தாங்கி வியாபாரத்தின் பற்சில்லுகளுக்கிடையே அகப்பட்டுக்கொண்டதை உலகம் பார்த்தது.

கார்கோவிலிருந்து ஆவடிக்கு

டி-34ஐ ஓட்டிய வி-2 என்னும் எஞ்சின் 1930களிற் கார்கோவில் உருவானது. 12 உருளைகள், 38.8 லீற்றர்; 500 குதிரைவலு. அதே கொள்ளளவில் அதன் பேரப்பிள்ளை 780 குதிரைவலுவோடு டி-72இல் ஏறியது; மற்றொரு வழித்தோன்றல் 1,000 குதிரைவலுவோடு டி-90இல் ஏறியது. இவ்விரு எஞ்சின்களும் சென்னையை அடுத்த ஆவடியில், தமிழ்த் தொழிலாளர் கைகளாற் செய்யப்படுகின்றன.

ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலை 1961ஆம் ஆண்டளவில் எழுந்தது. பிரித்தானிய விக்கர்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பில் விஜயந்தா தாங்கி 1965இல் அங்கிருந்து முதன்முதல் வெளிவந்தது. அதன் எஞ்சின் லேலண்ட் எல்-60. ஈரான் வாங்கிய சீஃப்டனிலும் அதே எஞ்சினே இருந்தது. பழுதாவதில் இரண்டும் உடன்பிறப்புகள். விக்கர்ஸிடமிருந்து வந்த பாகங்களைப் பொருத்தத் தொடங்கிய தொழிலாளர், படிப்படியாக அவற்றைத் தாமே செய்யக் கற்றனர். அதன்பின் சோவியத் டி-72, பின்னர் ருஷ்ய டி-90 ஆகியவையும் அங்கே உருவாயின.

சொந்த வடிவமைப்பில் ‘அர்ஜுன்’ தாங்கியைச் செய்ய 1974இல் அனுமதி வழங்கப்பட்டது. அது படையிடம் ஒப்படைக்கப்படத் தொடங்கியது 2004இல். 1,400 குதிரைவலு எஞ்சின் ஜேர்மனியிலிருந்து. கியர்த் தொகுதி ஜேர்மனியிலிருந்து. பாகங்களின் பெறுமதியிற் பாதிக்கு மேல் வெளிநாடுகளிலிருந்து. முதலில் வாங்கப்பட்ட 124இல் பெரும்பகுதி உதிரிப்பாகமின்றி ஓடாமல் நிற்கின்றதென 2015ஆம் ஆண்டளவிற் செய்திகள் வெளிவந்தன. பெயர் பாரதத்துப் பெயராயிருந்தாலும், அச்சாணி வேறு நாட்டிலிருந்து வருமானால் தேர் எங்ஙனம் ஓடும்? திறமைக் குறைவை மட்டும் இதற்குக் காரணமாகச் சொல்வது தவறு. சிறுதொகையாக ஆணையிடப்படும் தாங்கிக்கென ஒரு பற்சில்லையோ எண்ணெய் அடைப்பு வளையத்தையோ செய்துகொண்டிருக்க எந்தத் தொழிற்கூடமும் காத்திருப்பதில்லை. உதிரிப்பாகம் தொடர்ந்து கிடைக்கவேண்டுமாயின் தொடர்ந்த உற்பத்தி வேண்டும்.

2021 ஒக்டோபரில் இந்திய அரசாங்கம் 41 படைக்கலத் தொழிற்சாலைகளைக் கொண்ட நிர்வாகத்தைக் கலைத்து, அவற்றை ஏழு கம்பனிகளாக்கியது. ஆவடி அவற்றுளொன்றின் தலைமையிடமாயிற்று. தொழிற்சங்கங்கள் எதிர்த்து வேலைநிறுத்த அறிவித்தல் கொடுத்தன. அவ்வாண்டு ஜூன் மாத அவசரச் சட்டமும் அதனைத் தொடர்ந்த சட்டமும் பாதுகாப்புத் தொழில்களில் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்தன. தன்னிறைவைப் பற்றி மேடையிற் பேசுகின்ற அரசு, தன்னிறைவைக் கையால் உருவாக்கும் தொழிலாளியின் வாயை அடைப்பதை நாம் கவனிக்கவேண்டும்.

கார்கோவுக்கு என்ன நேர்ந்தது? 1991இல் சோவியத் யூனியன் சிதறியபோது ஒரே உற்பத்திச் சங்கிலி எல்லைக் கோடுகளாற் துண்டிக்கப்பட்டது. 1996இல் உக்ரெயின் பாகிஸ்தானுக்கு 320 தாங்கிகளை விற்க ஒப்பந்தஞ் செய்தது. பல பாகங்கள் ருஷ்யாவிலிருந்து வரவேண்டியவை, ருஷ்யா மறுத்தது. பீரங்கியையும் சுழல்கோபுரத்தையும் கார்கோவ் தானே செய்து கொடுக்கவேண்டியதாயிற்று. நேற்றுவரை ஒரே தொழிற்சாலைக் குடும்பமாக இருந்தவர்கள் பாகங்களை ஆயுதமாக்கத் தொடங்கியது அன்றே. 2022இல் அது உண்மையான யுத்தமாயிற்று. டி-34 பிறந்த நகரத்தின்மீது ஏவுகணைகள் விழுந்தன. இரு படைகளும் சோவியத் காலத் தாங்கிகளையே களமிறக்கின. கைப்பற்றிய எதிரித் தாங்கியின் பாகம் தன் தாங்கிக்குப் பொருந்துகின்ற கொடுமையை இரு தரப்புத் திருத்துநரும் கண்டனர். பாகங்கள் பொருந்துகின்றன, அவற்றைச் செய்த தொழிலாளரின் பிள்ளைகள் ஒருவரையொருவர் கொல்கின்றனர்.

நாம் எடுத்துக்கொள்ளவேண்டியது

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்பொழுது விடை கூறலாம். வாங்கியவன் இயந்திரத்தைப் பெறுகின்றான். திருத்தும் ஆற்றல் அவனிடம் இல்லாதவரை, உரிமை விற்றவனிடமே தங்கிவிடுகின்றது. கொடி ஏற்றிய சுதந்திரத்துக்கும் உற்பத்திச் சுதந்திரத்துக்குமிடையே உள்ள தூரம் இதுவே. தாங்கிக்குச் சொன்னது நீர் இறைக்கும் பம்பிக்கும், பஸ் வண்டிக்கும், வைத்தியசாலையின் கதிர்ப்பட இயந்திரத்துக்கும் பொருந்தும்.

எனினும், ஒவ்வொரு நாடும் தன் தாங்கியைத் தானே செய்யவேண்டும் என்பதன்று எமது முடிவு. மெர்காவாவின் கதை அத்தவறான முடிவிலிருந்து எம்மைக் காப்பாற்றுகின்றது. ஸ்ராலின்கிராட்டில் உழவு இயந்திரத் தொழிற்சாலை தாங்கியைச் செய்தது. யுத்தம் முடிந்தபின் அது மீண்டும் உழவு இயந்திரத்தைச் செய்தது. பற்சில்லு வெட்டும் கைக்கு இரண்டும் ஒன்றே. எதனை வெட்டுவது என்று தீர்மானிப்பவர் எவர் என்பதே அரசியல்.

எமது பாடசாலைகளில் சரித்திரம் படிப்பிப்போர், குர்ஸ்க் யுத்தத்தின் தேதியோடு அந்த 150 கிலோமீற்றர் கணக்கையும் மாணவர்க்குச் சொல்லவேண்டும். இறப்பர்–அரிசி ஒப்பந்தத்தைச் சொல்லும்போது அதிகாலையிற் பால் வெட்டியவரைச் சொல்லவேண்டும். மாணவருட் சிலர் நாளை கடைசல் இயந்திரத்தின் முன்னும் வரைபட மேசையின் முன்னும் நிற்கப்போகின்றவர்கள். தங்கள் கையிலிருக்கும் சிறு பாகம் எந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணி என்று கேட்க அவர்கள் பழகவேண்டும். அந்தக் கேள்வியை எழுப்பும் தொழிலாளர் ஒவ்வொரு நாட்டிலும் பெருகுவார்களாயின், தாங்கிகளை நிறுத்திவைப்பதற்கு உதிரிப்பாகத் தடை தேவைப்படாது.